விலைக்கு வந்த மலைப்பாம்பு

பாம்பென்றால் படையும் நடுங்கும் என்பது பழமொழி. படையை நடுங்கச் செய்யும் அவ்வுயிரைக் காசு கொடுத்து வாங்கித் தம் வீட்டிலே வைத்துக்கொள்ள விரும்பியோரும் எக்காலத்திலும் இருந்திருக்கின்றனர். அவ்விருப்பம் பெரும்பாலும் ஆய்ந்தோய்ந்து எழுந்ததன்று. கண்ட மாத்திரத்தில் எழுந்த வியப்பு, அடுத்த கணத்தில் ஆசையாகி, மூன்றாவது கணத்தில் விலை பேசி முடிந்துவிடும். வாங்கிய பின்னரே, இதற்கு என்ன உணவு, எங்கே இடம், எத்தனை ஆண்டு ஆயுள் என்னும் கேள்விகள் பிறக்கும். இத்தகைய கொள்முதல்களின் வரலாற்றிலே கொழும்பு மாநகருக்கும் ஓர் இடம் உண்டு.

1845ஆம் ஆண்டு முதல் 1850ஆம் ஆண்டு வரை இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராகப் பணியாற்றியவர் சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட். இந்நாட்டைப் பற்றி அவர் எழுதிய பெருநூல் 1859இல் வெளிவந்தது. இந்நாட்டு விலங்குகளைப் பற்றித் தனியாக ஒரு நூலை 1861இல் வெளியிட்டார். அக்காலத்திலே கொழும்புக் கோட்டையிலிருந்து ஒரு மைல் தூரத்துக்குள், கறுவாத்தோட்டத்திலேயே மலைப்பாம்புகள் வாழ்ந்தன என அவர் குறிப்பிடுகின்றார். இன்று மாளிகைகளும் தூதரகங்களும் நிறைந்து விளங்கும் அப்பகுதி, அன்று பெயருக்கேற்பக் கறுவாச் செடிகள் அடர்ந்த காடாக இருந்தது. ஊரவர் சிலர் மலைப்பாம்பை உயிருடன் பிடித்து, நீண்ட கழியொன்றிலே இறுகக் கட்டி, காண்பதற்கரிய பொருள் இதுவெனக் காட்டி விலை கூறினர். அவ்வாறு டெனன்டிடம் கொண்டுவரப்பட்ட ஒரு பாம்பு 17 அடி நீளமும் அதற்கேற்ற பருமனும் உடையதாக இருந்தது.

மற்றொரு மலைப்பாம்பையும் அவர் கொழும்பிலே கண்டார். கொட்டாஞ்சேனைக்கு வடக்கே, முகத்துவாரப் பக்கத்திலே, எலி ஹவுஸ் என்னும் மாளிகை இருந்தது. ஆங்கிலப் பெயர்தான், எனினும் தமிழ்ச் செவிக்கு எலியின் வீடாகவே அது ஒலிக்கும். எலியின் வீட்டுத் தோட்டத்துக்குப் பாம்பு வந்ததிலே வியப்பில்லை. அப்பாம்பு கிட்டத்தட்டச் செங்குத்தாக நிமிர்ந்து, 10 அடிக்கு மேல் உயரமான மதிலிலே எளிதாக ஏறியதை டெனன்ட் வியந்து எழுதினார்.

கழியிலே கட்டப்பட்ட பாம்புக்கு விலை கொடுக்க அக்காலத்து ஐரோப்பியர் ஏன் முன்வந்தனர்? அதற்குக் காரணம் ஒரு சொல்லும் அச்சொல்லைச் சூழ்ந்த கட்டுக்கதையுமாகும். அனகொண்டா என்னும் பெயர் இன்று தென்னமெரிக்க ஆறுகளிலே வாழும் பெரும்பாம்பைக் குறிக்கின்றது. ஆனால் அப்பெயர் முதன்முதலில் ஐரோப்பிய நூல்களிலே இலங்கைப் பாம்பின் பெயராகவே இடம்பெற்றது. 1693ஆம் ஆண்டிலே ஜோன் ரே என்னும் ஆங்கிலேய இயற்கை நூலார், எருமை முதலிய கால்நடைகளின் உறுப்புகளை நெரிக்கும் இலங்கைப் பாம்பு என அதனைத் தம் நூலிலே பதிவு செய்தார். யானையைக் கொன்றது என்னும் பொருள்படும் தமிழ்ச் சொல்லிலிருந்து அப்பெயர் வந்தது என்பர் ஒரு சாரார். மெலிந்த பச்சைப் பாம்பைக் குறிக்கும் ஹெனகந்தயா என்னும் சிங்களச் சொல்லே இடம் மாறி வழங்கியது என்பர் மற்றொரு சாரார்.

சொல் எவ்வாறு பிறந்ததாயினும், கதை மட்டும் வேகமாக வளர்ந்தது. 1768இல் ஸ்கொட்லாந்திலிருந்து வெளிவந்த ஒரு சஞ்சிகையிலே, இலங்கையில் அனகொண்டா ஒன்று புலியைச் சுற்றி நெரித்து விழுங்கியதாக ஒரு கடிதம் அச்சேறியது. இலங்கைக் காடுகளிலே சிறுத்தை உண்டு; வரிப்புலி இல்லை. படித்தவர்களோ அதனை எண்ணிப் பார்த்தாரல்லர். 1808இல் மத்தியூ லூயிஸ் என்னும் ஆங்கில எழுத்தாளர் இலங்கையைக் களமாக வைத்து அனகொண்டா என்னும் பெயரிலேயே ஒரு கதையை எழுதினார். ஆகவே, கொழும்பிலே வந்திறங்கிய வெள்ளைக்காரர் கழியிலே கட்டப்பட்ட பாம்பைக் கண்டபோது, தாம் படித்த கதையையே கண்டனர். விலையும் பாம்புக்கன்று, கதைக்கே கொடுக்கப்பட்டது எனலாம்.

கதையிலே வந்த பாம்புக்கும் கூட்டிலே கிடக்கும் பாம்புக்கும் பெரும் வேறுபாடு உண்டு. ஈழத்து வழக்கில் வெங்கிணாந்தி எனவும், சிங்களத்தில் பிம்புரா எனவும் பெயர் பெற்ற மலைப்பாம்பு நஞ்சற்றது. இரையைச் சுற்றி இறுக்கிக் கொன்று முழுதாக விழுங்குவது. பெரிய இரையொன்றை உண்டபின் பல நாள் அசையாது கிடக்கும். வேண்டுமாயின் மாதக்கணக்கில் உண்ணாமலும் இருக்கும். அதன் உடலிலே நம் உடலிற் போல நிலையான வெப்பம் இல்லை. இரை செரிப்பதற்குச் சுற்றுப்புறத்தின் வெப்பம் வேண்டும். குளிர்ந்த இடத்திலே உணவுண்ட பாம்பின் வயிற்றில் இரை செரியாது அழுகும். அதனால் பாம்பும் நோயுறும். இதை அறியாது வாங்கியோர், உண்ணவில்லையே என வருந்தி உணவைத் திணிப்பர்; அல்லது, அசையவில்லையே என்று சலித்துக் கைவிடுவர். இரண்டும் பாம்புக்குக் கேடாகவே முடிந்தன.

இதற்கு நல்ல சான்று 1817ஆம் ஆண்டிலே கிடைத்தது. போர்னியோத் தீவிலே பிடிபட்ட ஏறத்தாழ 16 அடி நீளமான மலைப்பாம்பு ஒன்று, சீசர் என்னும் கப்பலிலே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. மாதத்துக்கு ஒன்று என்னும் கணக்கிலே அதற்கு ஆடுகளும் ஏற்றப்பட்டன. கப்பற்றளத்தில் அது ஓர் ஆட்டை விழுங்கிய காட்சியை மாலுமிகளும் பயணிகளும் கூடிநின்று பார்த்தனர். அக்கப்பலிற் பயணம் செய்த மருத்துவர் ஜோன் மக்லியொட் அதனை விரிவாக எழுதிவைத்தார். ஆனால் பாம்பு இங்கிலாந்தைக் காணவில்லை. நன்னம்பிக்கை முனையைக் கடந்து, சென்ற் ஹெலினாத் தீவை அடையுமுன்னரே அது இறந்துவிட்டது. கூட்டம் கூடிப் பார்ப்பதற்கு ஒரு நாட் காட்சி போதும். பாம்பு உயிர்வாழ்வதற்கோ ஒவ்வொரு நாளும் தக்க வெப்பமும் காப்பும் வேண்டும்.

பொறுமையோடு வளர்த்தவர்கள் பெற்ற பயனையும் கூறாதிருத்தல் நேர்மையாகாது. மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிப் படுத்து அடைகாக்கும் எனக் கீழைநாட்டு மக்கள் கூறியதை ஐரோப்பிய அறிஞர் நெடுநாள் நம்பவில்லை. 1841இல் பாரிஸ் நகரத்து விலங்குச்சாலையிலே பெண் பாம்பு ஒன்று முட்டையிட்டபோது, வலென்சியென் என்னும் அறிஞர் அதன் சுருள்களுக்கிடையே வெப்பமானியை வைத்து அளந்தார். சுற்றுப்புறத்தை விட அங்கே வெப்பம் மிகுந்திருந்தது. தசைகளை இடைவிடாது நடுக்கித் தாய்ப்பாம்பு வெப்பத்தை உண்டாக்குகின்றது என்பதைப் பிற்காலத்து ஆய்வுகள் உறுதி செய்தன. நாள்தோறும் அருகிருந்து கவனித்தவர்க்கே இவ்வறிவு கிட்டியது.

1869இல் சுயெஸ் கால்வாய் திறக்கப்பட்டது. 1885இல் கொழும்புத் துறைமுகத்தின் தென்மேற்கு அலைதடுப்பு அணை நிறைவெய்தியது. அதன்பின் கீழைக் கடலிலே செல்லும் நீராவிக் கப்பல்கள் கொழும்பிலே தங்கி நிலக்கரி ஏற்றிச் செல்வது வழக்கமாயிற்று. சில மணி நேரமே கரையில் உலாவும் பயணிகளுக்குப் பாம்பாட்டிகளின் மகுடியும் படமெடுத்தாடும் நாகமும் மறவாத காட்சிகளாயின. இலங்கையில் அகிகுண்டிகர் எனப்படும் நாடோடிப் பாம்பாட்டிகள் தெலுங்கைத் தாய்மொழியாக உடையோர். அவர்களுக்குப் பாம்பு விளையாட்டுப் பொருளன்று. தலைமுறை தலைமுறையாக வந்த தொழில். ஆட்டத்திற்குப் பிடிக்கப்படும் நாகங்களின் நச்சுப்பற்களைப் பிடுங்கிவிடும் வழக்கம் பாம்பாட்டிகளிடையே இருந்து வந்தது. பிடுங்கிய பல் மீண்டும் முளைக்கும் என்பதைத் தொழில் அறிந்தவன் அறிவான். காட்சியைக் கண்டு மயங்கியவன் அறியான்.

மாலுமிகளோ கீழைத் துறைமுகங்களிலே கண்ட உயிர்களையெல்லாம் வாங்கிச் சென்றனர். கிளி, குரங்கு, பாம்பு என எதுவாயினும், இலண்டன் துறைமுகத்தை அடைந்ததும் சார்ள்ஸ் ஜாம்ராக் என்னும் விலங்கு வணிகரின் கடையிலே விலைப்பட்டது. வழியிலேயே இறந்தவை கடலில் எறியப்பட்டன. அவற்றுக்குக் கணக்கு எழுதியவர் எவருமில்லை.

பாம்போடு பழகுவதையே தொழிலாகக் கொண்டவர்க்கும் தவறு நேர்ந்ததுண்டு. உலகின் முதலாவது ஊர்வனக் காட்சிமனை 1849இல் இலண்டன் மிருகக்காட்சிசாலையிலே திறக்கப்பட்டது. 1852 ஒக்டோபரிலே ஒருநாட் காலை, அங்கே பாம்புகளைக் காத்துவந்த ஊழியன் மதுமயக்கத்திலே நாகம் ஒன்றை வெளியே எடுத்து விளையாட்டுக் காட்டினான். நாகம் அவன் முகத்திலே தீண்டியது. அன்றே அவன் உயிர் பிரிந்தது. நாள்தோறும் பழகிய உயிர் தன்னை அறிந்திருக்கும் என்னும் நம்பிக்கையே அவனுக்குக் கூற்றாயிற்று.

இதற்கு மாறான செய்தியொன்றும் டெனன்டின் நூலிலே உண்டு. இலங்கையின் வீதிகளை அமைத்துப் புகழ்பெற்ற தோமஸ் ஸ்கின்னர் 1858இல் எழுதிய கடிதத்திலே, நீர்கொழும்புக்கு அண்மையில் செல்வர் ஒருவர் தம் பணத்தைக் காக்க நாய்களுக்குப் பதிலாக நாகங்களை வீட்டிலே உலவவிட்டிருந்தார் எனக் கூறுகின்றார். அவை கள்வரை அஞ்சச் செய்தன. வீட்டாரைத் தீண்டவில்லை என்பது செய்தி. இது ஸ்கின்னர் தம் கண்ணாற் கண்டதன்று, நம்பத்தகுந்தவரிடம் கேட்டது. உண்மையாயினும் ஆகுக. நாகம் வீட்டாரை அறிந்து விலகியது என்பதிலும், வீட்டார் நாகத்தை அறிந்து விலகி நடந்தனர் என்பதே பொருத்தமாகும்.

வெள்ளவத்தையைக் கடந்து காலி வீதியிலே தெற்கே சென்றால் தெகிவளை வரும். அங்கே ஜேர்மனியரான ஜோன் ஹாகன்பெக் விலங்குகளைத் திரட்டி ஒரு காட்சிச்சாலையை நடத்திவந்தார். ஹம்பேர்க் நகரத்துப் பெயர்பெற்ற விலங்கு வணிகர் கார்ல் ஹாகன்பெக்கின் சகோதரர் இவர். கீழைநாட்டு விலங்குகளை மேலைநாட்டுக்கு அனுப்பும் வாணிபத்திலே கைதேர்ந்த குடும்பம் அது. எனினும் தெகிவளை நிறுவனம் நிலைக்கவில்லை. 1936இல் அது கலைக்கப்பட, அரசாங்கம் பொறுப்பேற்றது. இன்றைய தேசிய மிருகக்காட்சிசாலையின் தொடக்கம் அதுவே. தொழிலறிந்த வணிகராலேயே தாங்க முடியாதுபோன பொறுப்பை, ஒரு கணத்து ஆசையினால் பாம்பை வாங்கும் தனிமனிதன் எவ்வாறு தாங்குவான் என்பது சிந்திக்கத்தக்கது.

அத்தகைய தனிமனிதர் பல்லாயிரவர் ஒன்றுசேர்ந்தால் விளைவது யாது? இக்கேள்விக்கு அமெரிக்க நாட்டின் புளோரிடா மாநிலம் விடை தந்துள்ளது. நம் நாட்டு மலைப்பாம்புக்கு நெருங்கிய உறவான பர்மிய மலைப்பாம்பு, செல்லப்பிராணியாக அங்கே பெருந்தொகையில் இறக்குமதியாயிற்று. கடையிலே வாங்கும்போது அது ஏறத்தாழ இரண்டு அடிக் குட்டி, கையிலே சுற்றிக்கொள்ளலாம். சில ஆண்டுகளில் 10 அடியைத் தாண்டும். 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழும். கூடு போதாது, எலி போதாது, முயல் வேண்டும், தூக்குவதற்கு இருவர் வேண்டும். கொல்ல மனமில்லாதோர் சதுப்பு நிலத்திலே விட்டுவிட்டனர். 1992ஆம் ஆண்டுச் சூறாவளியிலே பாம்பு வளர்ப்பகம் ஒன்று சிதைந்ததும் பாம்புகள் பெருகுவதற்குத் துணையாயிற்று என்பர். 2000ஆம் ஆண்டளவில், எவர்கிளேட்ஸ் என்னும் பெருஞ் சதுப்பு நிலத்திலே அவை இனம்பெருக்கி நிலைத்துவிட்டன என்பது உறுதியாயிற்று.

விளைவு கொடிது. 2012இல் வெளியான ஆய்வொன்று, பாம்புகள் நீண்டகாலம் வாழ்ந்த பகுதிகளிலே ரக்கூன் என்னும் விலங்கு கண்ணிற்படுவது 99 வீதம் குறைந்துவிட்டது என அறிவித்தது. அவ்வாண்டிலேயே பர்மிய மலைப்பாம்பை நாட்டினுட் கொண்டுவருவதை அமெரிக்க அரசாங்கம் தடைசெய்தது. வெள்ளம் வந்தபின் கட்டிய அணை அது. வேலியிலே போன ஓணானை எடுத்து மடியிலே விட்டுக்கொண்டவன் கதையை நம் முன்னோர் நகைச்சுவையாகச் சொன்னார்கள். மடி ஒருவனுடையதாயின் குத்தும் குடைச்சலும் அவனோடு போகும். இங்கோ வாங்கியவன் ஒருவன். துன்புற்றது ஒரு காடு.

இலங்கையிலே விலங்குகளையும் தாவரங்களையும் காக்கும் கட்டளைச் சட்டம் 1937இல் இயற்றப்பட்டுப் பின்னர் பலமுறை திருத்தப்பட்டது. அருகிவரும் உயிரினங்களின் சர்வதேச வாணிபத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கையிலே இந்நாடு 1979இல் சேர்ந்துகொண்டது. மலைப்பாம்பை அனுமதியின்றிப் பிடித்தலும் விற்றலும் வீட்டிலே அடைத்துவைத்தலும் இன்று குற்றமாகும். கொழும்பைச் சூழ்ந்த சதுப்பு நிலங்களிலே மலைப்பாம்புகள் இன்னும் வாழ்கின்றன. மழைக்காலத்திலே வீட்டு முற்றத்திலே ஒன்று தென்படின், பொல்லெடுக்காமலும் விலை பேசாமலும் வனசீவராசிகள் திணைக்களத்துக்கு அறிவிப்பதே முறை. எலிகளை உண்டு வயலையும் களஞ்சியத்தையும் காக்கும் அவ்வுயிருக்கு நாம் செய்யவேண்டிய கைம்மாறும் அதுவே.

டெனன்ட் கொழும்பிலே இரண்டு மலைப்பாம்புகளைக் கண்டார். ஒன்று கழியிலே கட்டுண்டு விலையோடு வந்தது. அதைப்பற்றி அவர் எழுதியது நீளமும் பருமனும் மட்டுமே. மற்றொன்றுக்கு எவரும் விலை கூறவில்லை. அதுவோ நிமிர்ந்து எழுந்தது. உயர்ந்த மதிலிலே ஏறியது. காண்பவர் வியந்து நிற்கத் தன் வழியே சென்றது. பாம்பின் பெருமை எதிலே விளங்கிற்று என்பதை இவ்விரு காட்சிகளுமே காட்டிநிற்கின்றன.