கடைக் காபியும் அகத்துக் காபியும்



வடக்கே குடியேறிய நம்மவர்களிடம் "எஸ்பிரசோ" என்று சொன்னால் கல்யாண ரிசப்ஷன்தான் நினைவுக்கு வரும். ஷாமியானாவின் ஒரு மூலையில் 'உஸ்' என்று சீறும் மிஷின். இன்ஸ்டன்ட் பொடியும் சர்க்கரையும் பாலும் சேர்த்து நீராவியில் நுரைக்க வைத்து, மேலே சாக்லேட் பொடி தூவிக் கொடுப்பார்கள். நானும் முப்பது வருஷமாக அதைத்தான் எஸ்பிரசோ என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

சென்ற வருஷம் என் பிள்ளை ஒரு சின்ன மிஷினை வாங்கி வந்து சமையல் மேடையில் வைத்தான். "இனிமே கடையில போய் காசைக் கொட்ட வேண்டாம்ப்பா" என்றான். என் அகத்துக்காரி கேட்டது ஒரே கேள்வி: "அப்போ ஃபில்டரை என்ன பண்றதா உத்தேசம்?" அந்தக் கேள்விக்குப் பதில் தேடிப் படித்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் மிஷினின் பூர்வோத்தரம். 1884-ல் இத்தாலியின் டூரின் நகரில் நடந்த கண்காட்சியில் ஆஞ்செலோ மோரியோண்டோ என்பவர் நீராவி அழுத்தத்தில் காபி இறக்கும் இயந்திரத்தை வைத்தார். அது மொத்தமாக இறக்குவது. கேட்டவருக்குக் கேட்டபோது தனித்தனியாக இறக்கித் தரும் இயந்திரத்துக்கு 1901-ல் மிலான் நகரத்து லூயிஜி பெட்ஸேரா காப்புரிமை பெற்றார். ஆனால் ஆவியின் சூட்டில் காபியில் கருகல் வாடை ஏறும். 1948-ல் அக்கிலே காஜியாவின் மிஷின்தான் அந்தக் குறையைத் தீர்த்தது. நெம்புகோலும் ஸ்பிரிங்கும் வைத்து வெந்நீரையே பலமாக அழுத்தினார். மேலே பொன்னிற நுரை படிந்தது. 1961-ல் வந்த ஃபேமா நிறுவனத்தின் ஈ61 மிஷினில் அந்த அழுத்தும் வேலையை மின்சார பம்பு எடுத்துக்கொண்டது.

இன்றைய கணக்கு இதுதான்: நைசாக அரைத்த 18 கிராம் பொடி, காற்றழுத்தத்தைப் போல் சுமார் ஒன்பது மடங்கு அழுத்தம், 25 முதல் 30 விநாடி. இரண்டு மடக்குக்குக் கெட்டியான சாறு இறங்கும். நம் ஃபில்டரில் அழுத்தம் கிடையாது. பூமியின் ஈர்ப்பே போதும் என்று கால் மணிக்கு மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். வழி வேறானாலும் காரியம் ஒன்றுதான்: கொஞ்சம் வெந்நீரில் கெட்டியான டிகாக்‌ஷன் எடுத்துப் பாலோடு கலப்பது. கபுசினோவும் நம் டபரா டம்ளர் காபியும் ஒன்றுவிட்ட சகோதரர்கள் என்றே சொல்லலாம்.

இன்னொரு விஷயம் எனக்கு வியப்பாக இருந்தது. எஸ்பிரசோவைக் கண்டுபிடித்த இத்தாலியரே அதைப் பெரும்பாலும் கடையில் நின்றபடிதான் குடிக்கிறார்கள். வீட்டில் அவர்கள் நம்பியது 1933-ல் அல்ஃபோன்ஸோ பியாலெட்டி கொண்டுவந்த 'மோக்கா' என்னும் அலுமினியப் பாத்திரத்தை. அடுப்பில் வைத்தால் கீழிருக்கும் நீர் பொடியினூடே மேலே ஏறும். நமக்குப் பித்தளை ஃபில்டர் எப்படியோ, அவர்களுக்கு அது அப்படி. கடைக்கு ஒரு காபி, அகத்துக்கு ஒரு காபி என்று அங்கேயும் இரண்டு வழிதான்.

இனி நம் கதை. நூறு, நூற்றிருபது வருஷத்துக்கு முன்பு பழையதும் நீராகாரமும் இருந்த இடத்தைத்தான் காபி பிடித்துக்கொண்டது. பேராசிரியர் ஆ.இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலின் பெயரே இதைச் சொல்லிவிடும். காபி கிளப்புகள் பெருகின. அவற்றில் பல இடங்களில் பிராமணாளுக்கென்று தனி இடம் ஒதுக்கப்பட்டிருந்ததையும், மற்றவர்களுக்கு அது எத்தனை அவமானமாக இருந்தது என்பதையும் நாம் மறைக்காமல் சொல்லிக்கொள்வதே நியாயம். 1936-ல் பம்பாய் சர்ச்கேட்டில் முதல் இந்தியா காபி ஹவுஸ் திறந்தது. 1950-களில் காபி போர்டு அவற்றை மூட முற்பட்டபோது, ஏ.கே. கோபாலன் ஊக்கத்தில் தொழிலாளர்களே கூட்டுறவுச் சங்கம் அமைத்து 1957 முதல் நடத்தத் தொடங்கினார்கள். கல்கத்தா காலேஜ் தெருக் காபி ஹவுஸில் ஒரு கப்பை வைத்துக்கொண்டு மணிக்கணக்காகப் பேசிய நம் அங்கத்தினர்கள் உண்டு. யாரும் யார் பக்கத்திலும் உட்காரலாம் என்கிற அந்தச் சுகத்தை எந்த அகத்து மிஷினும் தராது.

ஆனால் அகத்தில் நடந்தது வேறு. என் பாட்டி, கரி அடுப்பின்மேல் இரும்பு உருளையைச் சுற்றிக் கொட்டையை வறுப்பாள். பெஞ்சு ஓரத்தில் திருகி மாட்டிய கை மிஷினில் அன்றன்றைக்கு அரைப்பாள். அடுத்த தலைமுறை வறுப்பதைக் கடைக்காரரிடம் விட்டது. பிறகு அரைப்பதையும் விட்டது. அப்புறம் பாக்கெட் பொடி. இன்ஸ்டன்ட் பொடியும் இங்கே வந்தது. ஃபில்டரும் பரணுக்குப் போயிற்று. கடைசியில் கலந்த காபியையே கடையில் வாங்குகிறோம். ஒவ்வொரு படியிலும் சௌகரியம் கூடியது. கை அறிந்த வித்தை ஒன்று குறைந்தது.

இதில் சர்க்காருக்கும் பங்குண்டு. இரண்டாம் உலகப் போரில் ஐரோப்பியச் சந்தை கைநழுவியதும், எல்லாத் தோட்டத்துக் காபியையும் காபி போர்டே வாங்கி ஒன்றாகச் சேர்த்து விற்கும் முறை வந்தது. எந்தத் தோட்டத்துக் கொட்டை என்பது குடிப்பவருக்குத் தெரிய வழியில்லை. 1990-களில் இந்த முறை படிப்படியாகத் தளர்ந்து, 1996-ல் விவசாயிகள் முழுவதையும் தாங்களே விற்கலாம் என்றாயிற்று. அதே 1996-ல்தான் பெங்களூர் பிரிகேட் ரோட்டில் முதல் கஃபே காபி டே திறந்தது. 2000-ல் டில்லியில் பரிஸ்டா, 2012-ல் மும்பையில் ஸ்டார்பக்ஸ். அந்த ஸ்டார்பக்ஸ் 1971-ல் சியாட்டில் நகரில் தொடங்கியபோது வீட்டில் போட்டுக்கொள்ளக் காபிக் கொட்டை விற்கும் கடையாகத்தான் இருந்தது! 1983-ல் ஹோவர்டு ஷுல்ட்ஸ் மிலான் போய்வந்த பிறகே கப்பில் விற்கும் யோசனை பிறந்தது.

மீண்டும் எங்கள் அகத்துக்கு வருகிறேன். பிள்ளையின் மிஷினில் முதல் வாரம் இறங்கியது வெறும் பழுப்பு நீர். அழுத்தமானி, தண்ணீர், சூடு என்று அவன் எல்லாவற்றையும் சோதித்தான். அகத்துக்காரி பொடியை முகர்ந்து பார்த்து, "மிஷின் மேல என்னடா தப்பு? இது வறுத்து எத்தனை நாளாச்சு?" என்று கேட்டாள். அவள் சொற்படி, சிக்கரி கலக்காமல் புதிதாக வறுத்த கொட்டையை, தோட்டத்தின் பெயர் பார்த்து வரவழைத்தோம். பரணிலிருந்த பாட்டியின் கை மிஷினை இறக்கினோம். எஸ்பிரசோவுக்கு வேண்டிய நைசு அதில் வரவில்லை; அதற்குத் தனி அரவை மிஷின் வேண்டியிருந்தது. ஆனால் ஃபில்டருக்குப் பாட்டியின் மிஷின் பேஷாக அரைத்தது. இப்போது காலையில் ஃபில்டர், சாயங்காலம் எஸ்பிரசோ. இரண்டுக்கும் ஒரே கொட்டைதான்.

ஒரு கிலோ கொட்டையில் 18 கிராம் வீதம் ஐம்பத்தைந்து தடவை இறக்கலாம். கடை விலையோடு ஒப்பிட்டு நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். மிஷினும் அரவை மிஷினும் வாங்கிய செலவையும் சேர்த்தே போடுங்கள். தினம் கடைக்குப் போகிறவருக்குத்தான் அது சீக்கிரம் கட்டுப்படியாகும். என் மனசுக்குப் பட்ட லாபம் வேறு. பாட்டியிடமிருந்து ஒவ்வொன்றாகக் கைவிட்ட வித்தைகளில் இரண்டை, அதாவது கொட்டையைத் தேர்வதையும் அன்றன்றைக்கு அரைப்பதையும், கொள்ளுப்பேரன் வழியாக ஓர் இத்தாலிய மிஷின் திருப்பிக் கொடுத்திருக்கிறது.

நண்பர்களைப் பார்க்கக் கடைக்குப் போவோம். காபிக்கு அகத்திலேயே அடுப்பைப் பற்றவைப்போம். உங்கள் பரணிலும் ஒரு கை மிஷின் இருக்கிறதா என்று இந்த ஞாயிற்றுக்கிழமை பாருங்களேன்.