தொடக்ககாலத் தமிழ்ப் புதினங்களில் இளமைக் காதலும் கைம்மைத் துயரும்

இளையோர்க்குரிய புனைகதை எனத் தனியொரு பகுப்பு, அமெரிக்க நாட்டில் 20ஆம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் உருப்பெற்றது. குடும்பப் பிணைப்பு, முதற்காதல், இழப்புத் துயர் ஆகிய மூன்றும் அதன் நிலைத்த பொருள்களாயின. அப்பகுப்புத் தோன்றுவதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்னரே இம்மூன்றும் தமிழ்ப் புதினத்துள் இடம்பெற்றன. எனினும் அவை அமைந்த வரிசை வேறு. அவ்வேறுபாட்டையே ஈண்டு ஆராய்வோம்.

தொல்காப்பியம் களவை முன்னும் கற்பைப் பின்னும் வைத்து ஓதுகின்றது. உள்ளம் ஒன்றுபடுதல் முதலாவது. மணம் அதன் வழித் தோன்றுவது. 19ஆம் நூற்றாண்டில், சிறப்பாக அந்தணர் குடும்பங்களில், இம்முறை தலைகீழாயிற்று. பெண் பூப்பெய்துமுன்னரே மணம் முடிந்தது. காதல் பிறக்குமாயின் மணத்தின் பின்னரே பிறத்தல் வேண்டும். கணவன் இறந்துபடின் அதற்கும் இடமில்லை. கைம்பெண் மறுமணத்தை 1856ஆம் ஆண்டுச் சட்டம் ஏற்றது. 1891ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் இசைவு வயதைப் 10இலிருந்து 12ஆக உயர்த்தியது. மணவயதையே வரையறுத்த சட்டம் 1929இல்தான் வந்தது. இவ்விடைக்காலத்திலேயே தமிழ்ப் புதினம் பிறந்து வளர்ந்தது என்பதை மனங்கொள்ளல் வேண்டும்.

1879இல் வெளிவந்த வேதநாயகம் பிள்ளையின் ‘பிரதாப முதலியார் சரித்திர’த்தில் பிரதாபனும் ஞானாம்பாளும் முறைப்பிள்ளைகள், ஒருங்கே கற்று வளர்ந்தவர்கள். அவர்தம் அன்பு மணத்திற்கு முற்பட்டதே. தந்தையரின் பிணக்கு அதற்குத் தடையாகின்றது. ஆயினும் நகைச்சுவையும் கிளைக்கதைகளும் மிக்க அந்நூலில் துயரம் நெடிது நிற்பதில்லை.

இராஜம் ஐயரின் ‘கமலாம்பாள் சரித்திரம்’ 1893 முதல் 1895 வரை ‘விவேக சிந்தாமணி’ இதழில் தொடர்ந்து வந்து, 1896இல் நூலாயிற்று. அதனுள் ஸ்ரீநிவாசன், லக்ஷ்மி என்னும் இளையோரிடை மலரும் முதற்காதல், மணமானபின் தோன்றும் காதலாகும். பெற்றோர் தேடித் தந்த துணையையே காதலித்தல் என்னும் நற்பேறு அவர்க்கு வாய்த்தது. வாய்க்காதோர் நிலை யாது? அவ்வினாவுக்கு அந்நூலில் விடையில்லை.

விடை தேட முற்பட்டவர் அ. மாதவையா (1872–1925). அதே இதழில் 1892இல் சாவித்திரி என்னும் புனைபெயரில் அவர் எழுதத் தொடங்கிய கதை இடையிலேயே நின்றது. பின்னர் 1903இல் அஃது ‘முத்துமீனாக்ஷி’ என்னும் பெயரில் முழுநூலாக வெளிவந்தது. இளமையிலேயே மணமாகி, மாமியார் வீட்டில் அல்லலுற்று, கைம்மையும் எய்திய ஒருத்தி தன் வரலாற்றைத் தானே கூறுவதாக இந்நூல் அமைகின்றது. முடிவில் அவள் மறுமணம் செய்துகொள்கின்றாள்.

இங்கே வரிசை முற்றும் மாறியிருத்தல் காண்க. முதற்கண் மணம், அடுத்து இழப்பு, இறுதியிலேயே அன்புடைய வாழ்வு. இளையோர் கதைகள் பலவற்றில் காதலித்தவரை இழத்தலே துயராகும். முத்துமீனாக்ஷியோ, காதலித்தறியாத கணவனுக்காகக் கைம்மை நோற்க வேண்டியவளானாள். இழந்தது கணவனைவிடத் தன் வருங்காலத்தையே என்னலாம். புறநானூற்றில் பெருங்கோப்பெண்டு கைம்மை நோன்பை இகழ்ந்து தீப்பாயத் துணிந்ததற்குக் கணவன்மீது கொண்ட பேரன்பு காரணமாயிற்று. அத்தகைய அன்புக்கே வாய்ப்பளிக்காத மணத்திற்கும் அதே நோன்பை விதித்தமைதான் பிற்காலச் சமுதாயத்தின் கொடுமை.

பெண்ணின் குரலை ஆடவர் ஒருவர் புனைந்தார் என்பது இந்நூலின் எல்லையாகும். தாமே கைம்மையுற்ற சிறுமியர் எழுதிய சொற்கள் அக்காலப் புதினத்தில் நமக்குக் கிட்டில. ஆயினும், 1856ஆம் ஆண்டுச் சட்டம் மறுமணத்திற்கு உரிமை மட்டுமே தந்தது. அவ்வுரிமையை விரும்பும் உள்ளம் கைம்பெண்ணுக்கும் உண்டு என்பதை அவள் வாய்மொழியாகவே கூறியது மாதவையாவின் புதினம். மேலைநாட்டுப் பகுப்பைத் தமிழுக்குப் பொருத்திக் காண விழையும் ஆய்வாளர், இங்கு முதற்காதலின் வரலாறு மணவயதின் வரலாற்றோடு பின்னிக் கிடத்தலை மறவாது ஆராய்தல் நலம்.