மூன்று ஆட்டம், ஏழு புள்ளி

1947 நவம்பரில நியூயோர்க் நிக்ஸ் அணிக்கு ஐந்தடி ஏழங்குல உயரமான ஒரு பெடியன் விளையாடினான். மூன்றே மூன்று ஆட்டம், மொத்தம் ஏழு புள்ளி. மாதம் முடிய முதலே அணியில இருந்து நிப்பாட்டிப் போட்டினம். வட்டாரு மிசாகா என்ற கார்டின் தொழில்முறை வாழ்க்கை இவ்வளவுதான். புள்ளிவிபரப் பக்கத்தில பார்த்தால் ஒரு வரி. யாரும் தாண்டிப் போயிடுவினம்.

ஆனா அந்த ஒரு வரிக்குள்ள நிக்கிறவர், இன்றைக்கு நாங்கள் என்பிஏ என்று சொல்லுற லீக்கில் ஆடிய முதலாவது வெள்ளையரல்லாத வீரர். பேஸ்போலில ஜக்கி ரொபின்சன் நிறத்தடையை உடைத்தது அதே 1947 ஏப்ரலில. அவரைத் தெரியாத அமெரிக்கர் இல்லை. மிசாகாவை எத்தனை பேருக்குத் தெரியும்?

மிசாகா 1923 டிசம்பரில யூட்டா மாநிலத்தின் ஒக்டன் நகரத்தில பிறந்தவர். தாய் தகப்பன் ஜப்பானில் இருந்து குடியேறினவை. தகப்பன் 25ஆம் வீதியில சலூன் வைச்சிருந்தார், குடும்பம் கட்டடத்தின்ர நிலக்கீழ்த் தளத்தில இருந்தது. குடிக்கும் சூதுக்கும் பேர்போன வீதி அது. மிசாகாவுக்கு 15 வயசா இருக்கேக்க தகப்பன் இறந்துபோனார். தாய், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சொந்தக்காரரிட்ட, ஹிரோஷிமாவுக்கே திரும்பிப் போவமோ என்று யோசிச்சிருக்கிறா. மகன் மறுத்திட்டார். அந்த மறுப்பு என்ன பெறுமதியானது என்பது பிறகுதான் தெரிய வந்தது.

1941 டிசம்பரில ஜப்பான் பேர்ள் துறைமுகத்தைத் தாக்கியது. 1942 பெப்ரவரியில ஜனாதிபதி ரூஸ்வெல்ட்டின் 9066ஆம் இலக்க ஆணை வந்தது. மேற்குக் கரையில் இருந்த ஜப்பானிய வம்சாவளியினர் சுமார் 120,000 பேர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு ஏற்றப்பட்டினம். பெரும்பான்மையானவர்கள் அமெரிக்காவிலேயே பிறந்த பிரஜைகள். ஒக்டன் அந்த வலயத்துக்கு வெளியில இருந்தபடியால் மிசாகா குடும்பம் தப்பியது. அதே யூட்டாவின் பாலைவனத்தில டோபாஸ் என்ற முகாமில 8,000க்கு மேற்பட்டோர் முள்ளுக்கம்பிக்குள்ள இருக்கேக்க, மிசாகா யூட்டா பல்கலைக்கழகத்தில பொறியியல் படிச்சுக்கொண்டு கூடைப்பந்தும் ஆடிக்கொண்டிருந்தார். ஒரே மாநிலம், ஒரே வம்சாவளி. முன்னம் எந்த ஊரில குடியிருந்தாய் என்பதுதான் வித்தியாசம்.

1944இல் நடந்ததைச் சினிமாக் கதை என்டுதான் சொல்ல வேணும். பதினெட்டு, பத்தொன்பது வயசுப் பெடியள் கூட்டமான யூட்டா அணி நியூயோர்க்கில என்ஐடி சுற்றின் முதல் ஆட்டத்திலேயே கென்டக்கியிடம் தோத்தது. கதை முடிஞ்சுது என்டு நினைக்க, ஆர்கன்சா அணி வாகன விபத்தில சிக்கி என்சிஏஏ போட்டியில இருந்து விலகியது. அந்த இடம் யூட்டாவுக்குக் கிடைச்சுது. போய், இறுதி ஆட்டத்தில டார்ட்மத் அணியை மேலதிக நேரத்தில 42-40 என்று வென்று சம்பியன் ஆகினார்கள். ரெண்டு நாள் கழிச்சு செஞ்சிலுவைச் சங்கத்துக்கு நிதி சேர்க்கிற ஆட்டம். அதில என்ஐடி சம்பியன் சென் ஜோன்ஸையும் அடிச்சாச்சு. நியூயோர்க் சனத்துக்கு, ஓயாமல் ஓடித் திரிஞ்ச அந்தக் குட்டைப் பெடியனைப் பிடிச்சுப் போச்சு. ஜப்பானோடு சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் இது என்றதை மறக்கக் கூடாது.

ஊர் திரும்பின கையோட இராணுவ அழைப்பு. ரெண்டு வருஷம் கூடைப்பந்து இல்லை. போர் முடிஞ்ச பிறகு அமெரிக்கச் சீருடையோட அவர் அனுப்பப்பட்ட நாடு ஜப்பான். குண்டுவீச்சின் விளைவுகளை ஆராய்ந்த குழுவோட ஹிரோஷிமாவுக்கே போய், தப்பிப் பிழைச்ச ஆக்களிட்ட கேள்வி கேட்டுப் பதிவெடுக்கிற வேலை. தாய் திரும்பிப் போக நினைச்ச அதே நகரம். ஜப்பானியருக்கு அவர் வென்றவன்ர சீருடையில வந்த ஆள். அமெரிக்காவில முகத்தைப் பார்க்கிறவனுக்கு எதிரி. ரெண்டு பக்கமும் அந்நியமாய் நிக்கிறது எப்பிடியிருக்கும் என்று எங்கட வாசகருக்கு நான் விளக்கத் தேவையில்லை.

1946இல் திரும்பி வந்து மறுபடி யூட்டா அணி. 1947 மார்ச்சில என்ஐடி இறுதி ஆட்டம், எதிரில திரும்பவும் கென்டக்கி. கென்டக்கியின் நட்சத்திரம் ரால்ப் பியர்ட், நாட்டின் தலைசிறந்த கார்ட்களில் ஒருவர். அவரைக் காவல் காக்கிற வேலை மிசாகாவுக்கு. ஆட்டம் முடியேக்க பியர்ட் எடுத்திருந்தது ஒரேயொரு புள்ளி. யூட்டா 49-45 என்று வென்றது. 24 செக்கன் விதி 1954இல்தான் வந்தது, அதனால அந்தக் காலத்து ஸ்கோர்கள் எப்பவும் குறைவுதான். அப்பிடிப் பார்த்தாலும் ஒரு புள்ளி என்பது அடக்கிப்போட்ட கணக்கு. கூடைப்பந்து நெட்டையன்களின் விளையாட்டு என்று சொல்லுறவை இந்த ஆட்டத்தை ஒருக்கா வாசிச்சுப் பார்க்கலாம்.

இதெல்லாம் நடந்தது மெடிசன் ஸ்குயர் கார்டனில, நிக்ஸ் நிர்வாகத்தின் கண்ணுக்கு முன்னால. அந்த வருஷமே அவரைத் தெரிவு செய்தினம். பிறகு நடந்தது முதல் பந்தியில இருக்கு.

ஏன் நிப்பாட்டினார்கள்? இனத்துவேசம் என்று கனபேர் எழுதியிருக்கினம். மிசாகா பிற்காலத்தில தந்த பேட்டிகளில அப்பிடிச் சொல்லேல்லை. அணியில கார்ட்கள் கூடிப்போச்சினம் என்றுதான் சொன்னார். அவர் சொன்னதை மதிக்க வேணும். ஆனாலும் எனக்கு ஒரு இடறல் இருக்கு. சண்டை முடிஞ்சு ரெண்டு வருஷம், லீக் முழுக்க வெள்ளையர். அப்பிடிப்பட்ட இடத்தில ஒருத்தனை மூன்று ஆட்டத்தோட மதிப்பிடேக்க உயரம், திறமை, முகம் எல்லாத்தையும் தனித்தனியாப் பிரிச்சு எடுக்க ஏலுமா? வெளிப்படையா ஒருத்தனும் ஒண்டும் சொல்லாமலே கதவு சாத்துப்படலாம்.

அவர் மறக்கப்பட்டதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு, அது வெறும் பெயர் விஷயம். 1947இல் லீக்கின் பெயர் பிஏஏ. இன்னொரு லீக்கோட சேர்ந்து என்பிஏ ஆனது 1949இல். 1950இல் ஏர்ல் லொயிட் களமிறங்கி முதல் கறுப்பின வீரர் ஆனார். நிறத்தடை உடைஞ்ச கதையை எல்லாரும் அந்த வருஷத்தில இருந்துதான் தொடங்கினம். அது சரியான கொண்டாட்டம்தான், லொயிட்டுக்கு முன்னால இருந்த சுவர் மிசாகாவின்ரதை விடப் பெரிசு. ஆனா பிஏஏ காலத்துப் புள்ளிகளையும் கிண்ணங்களையும் தன்னுடைய வரலாறு என்று என்பிஏ எண்ணுது. அப்ப இந்த ஏழு புள்ளியும் அந்தக் கணக்குக்குள்ளதான் வருது.

விலக்கப்பட்ட பிறகு ஹார்லம் குளோப்ட்ரொட்டர்ஸ் அணி அவரைக் கேட்டது. மாட்டன் என்டு சொல்லிப்போட்டு, யூட்டாவுக்குத் திரும்பிப் பொறியியல் பட்டத்தை முடிச்சார். பொறியியலாளரா வேலை செய்து ஓய்வுபெற்றார். 2019 நவம்பரில 95 வயசில காலமானார். அவர் போட்ட 20ஆம் இலக்கத்தை யூட்டா பல்கலைக்கழகம் வேற ஒருத்தருக்கும் குடுக்காமல் ஓய்வு கொடுத்து மரியாதை செய்தது 2022இல்.