சாலையை அளக்காத பிரேக்: ஏ.பி.எஸ். தலையிடும் தருணமும் 125 சிசி வரம்பும்

தேனி மாவட்டம் உத்தமபாளையம் வட்டத்திலுள்ள ஓடைப்பட்டி, விதையில்லாத் திராட்சைக்குப் பெயர்பெற்ற பேரூராட்சி. தோட்டத்திலிருந்து பழம் ஏற்றிவரும் டிராக்டர் தன் சக்கரத்தில் ஒட்டிய மண்ணைத் தார்ச் சாலையில் உதிர்த்துச் செல்கிறது. அதன்மேல் தென்மேற்குப் பருவச் சாரல் விழுந்தால், சில மீட்டருக்குள்ளேயே காய்ந்த தார், ஈரத் தார், சேறு என மூன்று பரப்புகளைச் சக்கரம் கடக்க நேர்கிறது. இத்தகைய சாலையில், சக்கரம் பூட்டிக்கொள்வதைத் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்பு எதைக் கொண்டு தலையிட முடிவெடுக்கிறது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. சாலையின் வழுவழுப்பை அது நேராக அளப்பதில்லை. சக்கரத்தின் போக்கிலிருந்து ஊகிக்கிறது. அந்த ஊகத்தில் எஞ்சின் கொள்ளளவுக்கு இடமில்லை என்பதால், இருசக்கர வாகனங்களை 125 சிசி என்ற கோட்டில் பிரிக்கும் சட்டத்துக்கு இயற்பியல் அடிப்படை இல்லை என்பதே இங்கு முன்வைக்கப்படும் வாதம்.

1. ஊகிக்கப்படும் வேகம்

வண்டியின் வேகத்தைவிடச் சக்கர விளிம்பின் வேகம் எத்தனை விழுக்காடு குறைவு என்பதே வழுக்கல் விகிதம். காய்ந்த தாரில் டயரின் பிடிப்பு ஏறத்தாழ 10 முதல் 20 விழுக்காடு வழுக்கலில் உச்சம் தொடுகிறது. 100 விழுக்காட்டில் சக்கரம் சுழலாமல் இழுபடுகிறது; பக்கவாட்டுப் பிடிப்பும் ஏறக்குறைய அற்றுப்போவதால் ஹேண்டில்பாரைத் திருப்பியும் பயனில்லை.

வழுக்கலைக் கணக்கிட வண்டியின் உண்மையான வேகம் தெரிய வேண்டும். அதை நேரடியாக அளக்கும் கருவி பொதுவாக வண்டியில் இல்லை. சக்கரத்தோடு சுழலும் பல்வளையமும், பற்கள் கடப்பதை எண்ணும் சென்சாரும்தான் உள்ளன. எனவே கட்டுப்பாட்டுக் கருவி, சக்கரங்களின் வேகத்திலிருந்தே ஓர் ஒப்பீட்டு வேகத்தை அமைத்துக்கொள்கிறது. வண்டியின் வேகம் சுமார் 1 ஜி (புவியீர்ப்பு முடுக்கம்) அளவைத் தாண்டிக் குறைய இயலாது என்ற இயற்பியல் வரம்பு அதற்குத் துணைநிற்கிறது.

மணிக்கு 54 கி.மீ., அதாவது வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் செல்லும் பைக் ஒன்றை எடுத்துக்கொள்வோம். பிரேக் பிடித்த 0.1 வினாடியில் முன்சக்கரத்தின் விளிம்பு வேகம் 12 மீட்டராகக் குறைகிறது. இது ஏறத்தாழ 3 ஜி வேகக்குறைவு. எந்தத் தார்ச் சாலையும் வண்டிக்கு இவ்வளவு தராது. வண்டியின் வேகம் இதற்குள் அதிகபட்சம் 14 மீட்டர் அளவுக்கே இறங்கியிருக்கும். ஆகவே வழுக்கல் குறைந்தது 14 விழுக்காடு. சக்கரம் பூட்டை நோக்கிச் செல்கிறது என்ற முடிவுக்கு இந்த இரண்டு எண்களும் போதும். கருவி முதலில் அழுத்தம் மேலும் ஏறாமல் தடுக்கிறது. வழுக்கல் வரம்பு மீறினால் அழுத்தத்தைக் குறைக்கிறது. சக்கரம் மீண்டு சுழலத் தொடங்கியதும் படிப்படியாக ஏற்றுகிறது. இச்சுற்று வினாடிக்குப் பல முறை நிகழ்வதால்தான் கால் மிதியிலோ கைப்பிடியிலோ துடிப்பு தெரிகிறது.

2. இரு அளவுகோல்கள் ஏன்?

வேகக்குறைவை மட்டும் நம்பினால், பள்ளத்தில் குதித்தெழும் சக்கரம்கூடப் பூட்டப்போவதாகத் தோன்றும். மறுபுறம், வழுக்கும் பரப்பில் கிளட்சைப் பிடிக்காமல் பிரேக் மட்டும் பிடிக்கும்போது, எஞ்சினின் சுழல் நிலைமம் சக்கரத்தோடு பிணைந்திருப்பதால் அது மெல்ல மெல்லவே பூட்டுகிறது. வேகக்குறைவு வரம்பைத் தொடுவதே இல்லை. அங்கே வழுக்கல் கணக்குதான் காப்பாற்றுகிறது. வழுக்கலை மட்டும் நம்புவதிலும் இடர் உண்டு. சேற்றில் இரு சக்கரங்களும் ஒருசேர வழுக்கினால் ஒப்பீட்டு வேகமே தவறாகக் கீழிறங்கும். ஒன்றின் குறையை மற்றொன்று ஈடுகட்டவே இரண்டும் சேர்ந்து இயங்குகின்றன.

ஊகத்துக்கு எல்லைகளும் உண்டு. பல்வளையத்தில் 48 பற்களும் சக்கரத்தின் சுற்றளவு 1.92 மீட்டரும் எனில், 4 செ.மீ. நகர்வுக்கு ஒரு துடிப்பு. 54 கி.மீ. வேகத்தில் வினாடிக்கு 375 துடிப்புகள் கிடைக்கும், 5 கி.மீ. வேகத்தில் 35 மட்டுமே. இவ்வளவு குறைந்த தகவலில் தீர்ப்புச் சொல்ல முடியாமல் அமைப்பு ஒதுங்கிக்கொள்கிறது. பின்சக்கரத்துக்கு மட்டும் அளவு மாறிய டயரைப் பொருத்தினாலும் கணக்கு பிசகும்: ஆரத்தில் 5 விழுக்காடு வேறுபாடு, இல்லாத வழுக்கலை அதே அளவுக்குக் காட்டும். தளர்ந்த சரளையில் பூட்டிய சக்கரம் தன் முன்னே கல்லைக் குவித்து நிற்பதால், அங்கே ஏ.பி.எஸ். நிற்கும் தூரத்தைக் கூட்டவும் கூடும். வண்டியைத் திருப்பும் ஆற்றலையும் நிலைத்தன்மையையும் காப்பதற்காக வடிவமைப்பாளர் அறிந்தே ஏற்கும் விலை அது.

3. கொள்ளளவு என்னும் கோடு

1978இல் பாஷ் நிறுவனத்தின் மின்னணு ஏ.பி.எஸ். மெர்சிடிஸ் பென்ஸ் எஸ் வகைக் காரில் வந்தது, 1988இல் பி.எம்.டபிள்யூ. பைக்கிலும் ஏ.பி.எஸ். இடம்பெற்றது. ஓசூரில் ஆலை கொண்ட டி.வி.எஸ். 2011இல் அப்பாச்சி ஆர்.டி.ஆர். 180 வழியாக அதை இந்திய பைக்குக்குக் கொண்டுவந்தது. 2019 ஏப்ரல் 1 முதல், 125 சிசிக்கு மேற்பட்ட புதிய இருசக்கர வாகனங்கள் அனைத்துக்கும் ஏ.பி.எஸ். கட்டாயமானது. அதற்குட்பட்டவற்றுக்குக் கூட்டு பிரேக்கான சி.பி.எஸ். போதும் என விடப்பட்டது. சி.பி.எஸ். பிரேக் விசையை இரு சக்கரங்களுக்கும் பகிர்கிறதே தவிர, சக்கரம் பூட்டுகிறதா என்று பார்ப்பதில்லை.

மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் பிரேக் பிடித்தால், உராய்வுக் குணகம் 0.7 உள்ள பரப்பில் வண்டி சுமார் 9 மீட்டரில் நிற்கும், 0.3 உள்ள பரப்பில் 21 மீட்டர் வேண்டும். இக்கணக்கில் வேகமும் உராய்வும் புவியீர்ப்பும் உண்டு, சிசி இல்லை. பின்னால் திராட்சைப் பெட்டி கட்டிவரும் எக்ஸ்.எல். 100 மொபெட்டுக்கும் 180 சிசி பைக்குக்கும் அந்த ஈரச் சேறு ஒன்றுதான்.

சிறு வண்டிகள் பலவற்றில் டிரம் பிரேக் கம்பியால் இயங்குகிறது; ஏ.பி.எஸ். திரவ அழுத்தத்தைக் கையாள்வதால் டிஸ்க் பிரேக் தேவை, விலை ஏறும். இந்த மறுப்பு வலுவானதுதான். ஆனால் அது செலவைப் பற்றிய வாதம். ஆபத்து குறைவு என்பதற்குச் சான்றாகாது. 2025 ஜூனில் வெளியான மத்திய அரசின் வரைவு அறிவிப்பு இந்தக் கொள்ளளவு வேறுபாட்டை நீக்க முன்மொழிந்தது மேற்கண்ட இயற்பியலுக்கு இசைவானதே.

முடிவு

முன்சக்கரம் பூட்டினால் இருசக்கர வண்டி சமநிலையை இழக்கும். பின்சக்கரம் பூட்டினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். எனவே செலவு காரணமாக ஒரே நேரத்தில் முழுமை இயலாதெனில், முன்சக்கர டிஸ்க்குடன், அந்த ஒரு சக்கரத்தை மட்டும் காக்கும் ஒற்றைச் சேனல் ஏ.பி.எஸ். என்பதையே எல்லா வண்டிக்கும் குறைந்தபட்ச வரம்பாக்கலாம். செலவைத் தாங்கும் திறனை வைத்துச் சட்டம் விதிவிலக்கு அளிக்கலாம். அதைப் பாதுகாப்பு அளவுகோலாகக் காட்டக் கூடாது.