கீழூர் ஓட்டும் நம்ம ஓட்டும்

விழா மலருக்கு நம்ம புதுச்சேரி வரலாறு பத்தி எழுதச் சொன்னப்ப, பத்தாவது படிச்ச நான் என்னத்த எழுதறதுன்னு பயமா இருந்தது. அப்புறம் மனசுல ரொம்ப நாளா இருந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டேன்.

நான் பொறந்தது கடலூர் மாவட்டம். 2009-ல கல்யாணமாகி பாகூர் கொம்யூனுக்கு வந்தேன். ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு வாய்க்கால்தான். அந்தப் பக்கம் இருக்கிற என் அண்ணி 2019 டிசம்பர்ல ஊராட்சித் தேர்தல்ல நின்னு வார்டு உறுப்பினர் ஆனாங்க. இந்தப் பக்கம் வந்த நான் இன்னைக்கு வரைக்கும் பஞ்சாயத்துத் தேர்தல்ல ஒரு ஓட்டுகூட போட்டதில்லை.

இதைப் புரிஞ்சுக்க கீழூர்ல இருந்து ஆரம்பிக்கணும். 1954 அக்டோபர் 18. பிரெஞ்சுக்காரங்ககூட இருக்கறதா, இந்தியாவோட சேர்றதான்னு அங்கதான் வாக்கெடுப்பு நடந்தது. ஓட்டுப் போட்டது ஜனங்க இல்லை. பிரதிநிதிச் சபை, நகரசபை உறுப்பினர்கள் 178 பேர். 170 பேர் இந்தியான்னு சொன்னாங்க, 8 பேர் வேண்டாம்னாங்க. நவம்பர் 1-ல ஆட்சி கைமாறுச்சு. ஆனா சட்டப்படி சேர்ந்தது 1962 ஆகஸ்ட் 16-லதான். அதனாலதான் ரெண்டு நாள் கொடியேத்தறோம். பிள்ளைங்களுக்கு லீவுங்கிறது மட்டும்தான் ஞாபகம் இருக்கு!

நடுவுல 1956-ல இந்தியாவும் பிரான்சும் ஒப்பந்தம் போட்டாங்க. இந்தப் பகுதியோட ஆட்சி அமைப்பை மாத்தணும்னா ஜனங்க விருப்பத்தைத் தெரிஞ்சுக்கிட்டுத்தான் மாத்தணும்னு அதுல இருக்கு. 1979-ல தமிழ்நாட்டோட இணைக்கலாம்னு பேச்சு வந்தப்ப ஜனங்க தெருவுல இறங்கிப் போராடினாங்க. இணைப்பு நின்னு போச்சு. நம்ம ஊர் தனியா இருக்கணும்னு ஜனங்க சொன்னாங்க. டெல்லிக்குக் கீழேயே இருக்கணும்னு அவங்க சொல்லலை.

1963-ல வந்த சட்டத்தாலதான் நமக்குச் சட்டசபை. நாம ஓட்டுப் போட்டு 30 பேர். மத்திய அரசு நியமிக்கிறவங்க 3 பேர். இதை நம்ம குழுவுல வெச்சுப் பாருங்க. நாம சந்தா கட்டி, தலைவியைத் தேர்ந்தெடுத்து நடத்துறோம். சந்தாவே கட்டாத மூணு பேரை மேலிடம் அனுப்பி, அவங்களும் தீர்மானத்துல கை தூக்கலாம்னா ஒத்துக்குவோமா? இந்த நியமனம் செல்லும்னு 2018-ல உச்ச நீதிமன்றமே சொல்லிடுச்சு. சட்டம் அப்படி இருக்கு. 2021 பிப்ரவரியில ஒரு அரசு கவிழ்ந்தப்ப அந்த மூணு ஓட்டுதான் தராசைச் சாய்ச்சது. எந்தக் கட்சி அரசுங்கிறது நமக்கு வேண்டாம். நாளைக்கு யாருக்கும் நடக்கலாம்.

ரேஷன் அரிசி கதை உங்களுக்கே தெரியும். அரிசியாவே குடுக்கணும்னு அமைச்சரவை சொன்னது. பணமா பாங்கியில போடணும்னு துணைநிலை ஆளுநர் சொன்னாங்க. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போகலைன்னா டெல்லிதான் முடிவு பண்ணணும். டெல்லி பணம்னு சொல்லுச்சு. கடைங்க பூட்டிக் கிடந்து, 2024 தீபாவளி சமயத்துலதான் மறுபடி அரிசி வந்தது. பணம் நல்லதா அரிசி நல்லதான்னு நமக்குள்ளயே ரெண்டு பேச்சு உண்டு. ஆனா உலை வைக்கிற நம்மள யாராவது கேட்டாங்களா?

பெண்களுக்கு மூணுல ஒரு பங்கு இடம்னு 2023 செப்டம்பர்ல நாடாளுமன்றத்துல சட்டம் வந்தப்ப எல்லாரும் சந்தோஷப்பட்டோம். மக்களவை, மாநிலச் சட்டசபைகள், டெல்லி எல்லாம் அதுல இருந்தது. புதுச்சேரி இல்லை. நாம மாநிலம் இல்லையே! டிசம்பர்ல நமக்குன்னு தனியா ஒரு சட்டத் திருத்தம் கொண்டு வந்துதான் சேர்த்தாங்க. மாநிலமா இருந்திருந்தா அந்த வரியிலயே நாமளும் இருந்திருப்போம். எனக்கு இதுதான் ரொம்ப உறுத்துச்சு.

சின்ன ஊருக்கு எதுக்கு மாநிலம்னு கேக்கறாங்க. 2011 கணக்குப்படி நாம ஏறக்குறைய 12.5 லட்சம் பேர். சிக்கிம் சுமார் 6 லட்சம்தான், அது 1975-லயே மாநிலம். நம்மள மாதிரியே வெளிநாட்டுக்காரங்க கையில இருந்த கோவா 1987-ல மாநிலம் ஆயிடுச்சு. நம்ம சட்டசபை பலமுறை தீர்மானம் போட்டது, 2023 மார்ச்சிலயும் ஒண்ணு. இப்ப இருக்கறபடியே இருக்கட்டும்னுதான் பதில். மாநிலம் ஆனா டெல்லிப் பணம் குறையுமேன்னு எங்க குழுவுல ஒரு அக்கா கேட்டாங்க. நியாயமான பயம்தான். ஆனா மாநிலங்களுக்கு வரிப் பங்கு பிரிக்கிற நிதிக்குழுவுல இன்னைக்கு நமக்கு இடமே இல்லையே.

இப்ப என் அண்ணி கதைக்கு வர்றேன். இங்க உள்ளாட்சித் தேர்தல் 1968-ல நடந்தது. அப்புறம் 38 வருஷம் கழிச்சு 2006-ல. அந்த உறுப்பினர்கள் காலம் 2011-ல முடிஞ்சதோட சரி. இதுக்கு டெல்லியை மட்டும் குத்தம் சொல்ல எனக்கு மனசு வரலை. மாநில அந்தஸ்து கேக்கற நம்ம ஊர்த் தலைவர்களே, தெருவுல இருக்கிற நமக்கு அந்த உரிமையைக் குடுக்கத் தயங்குறாங்க.

அதனால அடுத்த மாசக் கூட்டத்துல ஒரு தீர்மானம் வைக்கப் போறேன். மாநில அந்தஸ்து வேணும், உள்ளாட்சித் தேர்தலும் வேணும். ரெண்டும் ஒரே பக்கத்துல இருக்கணும். எல்லாரும் கையெழுத்துப் போட்டா, வர்ற ஆகஸ்ட் 16-ல கீழூருக்கு எடுத்துக்கிட்டுப் போயி, விழாவுக்கு வர்ற பெரியவங்க கையில குடுக்கலாம். வேன் வாடகை தலைக்கு எவ்வளவு வரும்னு பொருளாளர் அக்காகிட்ட கேட்டிருக்கேன்.