ஃபேர் - ஒரு சொல், பல அர்த்தங்கள்

ஆங்கிலத்தில் 'ஃபேர்' என்றால் என்ன? ரேஷன் கார்டு வைத்திருப்பவரைக் கேட்டால் 'ஃபேர் பிரைஸ் ஷாப்', அதாவது நியாய விலைக் கடை என்பார். கல்யாணத் தரகரைக் கேட்டால் சிவப்பான பொண்ணு என்பார். ஆடிட்டரைக் கேட்டால் 'ட்ரூ அண்ட் ஃபேர்' என்பார். மூன்றுமே சரிதான்! ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தம் எப்படி வந்தது என்று பார்ப்போமா?

பழைய ஆங்கிலத்தில் இந்தச் சொல்லுக்கு அழகான, இனிமையான என்றுதான் பொருள். குறையில்லாத, களங்கமில்லாத என்ற அர்த்தமும் சேர்ந்துகொண்டது. அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதியதை 'ஃபேர் காப்பி' என்கிறோமே, அதுபோல. 14ஆம் நூற்றாண்டு வாக்கில் பாரபட்சமில்லாத, நேர்மையான என்ற பொருளும் வந்துவிட்டது. பிற்காலத்தில் 'சுமார்' என்ற அர்த்தமும் ஒட்டிக்கொண்டது. 'குட், ஃபேர், புவர்' என்று தரம் பிரிக்கும்போது ஃபேர் நடுவில் நிற்கிறது. (சந்தை, பொருட்காட்சி என்ற 'ஃபேர்' வேறு சொல். அது திருநாளைக் குறிக்கும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது.)

வெளுத்த நிறம் என்ற அர்த்தமும் இந்தச் சொல்லோடு சேர்ந்துகொண்டது. அழகைக் குறித்த சொல்லே வெள்ளைத் தோலையும் குறித்ததால், கறுப்பு அழகில்லை என்று சொல்லாமலே சொன்னதுபோல் ஆகிவிட்டது. 1609ல் வெளியான ஷேக்ஸ்பியரின் 127ஆவது சானட் இந்த இரண்டு அர்த்தங்களையும் வைத்துத்தான் கறுப்பு அழகுக்காகப் பேசுகிறது.

இனி கணக்குப் புத்தகத்துக்கு வருவோம். பிரிட்டனில் ஆடிட்டர்கள் முதலில் கணக்கு 'ட்ரூ அண்ட் கரெக்ட்' என்றுதான் சான்று தந்தார்கள். 1947-48 கம்பெனிச் சட்டங்களில் 'கரெக்ட்' போய் 'ஃபேர்' வந்தது. இந்தியாவில் 1956ஆம் ஆண்டுச் சட்டம் அதை ஏற்றது, 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தொடர்கிறது. காரணம் எளிது. தேய்மானம், வாராக்கடன் ஒதுக்கீடு எல்லாம் மதிப்பீடுகள். அவற்றைப் பைசா சுத்தமாகச் சரி என்று யாராலும் சொல்ல முடியாது. நேர்மையாகக் காட்டியிருக்கிறார்களா என்றுதான் சொல்ல முடியும்.

1975ல் இந்தியாவில் 'ஃபேர் அண்ட் லவ்லி' கிரீம் வந்தது. நிறவெறிக்கு எதிராக உலகமெங்கும் குரல் எழுந்த 2020ல் அந்தப் பெயரிலிருந்து 'ஃபேர்' நீக்கப்பட்டு 'க்ளோ' வந்தது. ஆனால் மணமகள் தேவை விளம்பரங்களில் 'ஃபேர்' இன்னும் போகவில்லை.

நியாயம் என்று அர்த்தமுள்ள ஒரு சொல்லை வைத்தே ஒரு பெண்ணை நிறத்துக்காக ஒதுக்குவது எந்த விதத்தில் ஃபேர்?