ஒற்றைக் கையர் கண்ட அகன்ற நிலம்

ஒளிப்படக் கருவிகளுள் தொலைவுமானி பொருந்திய வகை ஒன்று உண்டு. அதன் காண்சாளரத்தில் நோக்குவோர்க்கு நடுவிடத்தில் ஒரே பொருள் இரண்டாய்த் தோன்றும். ஒன்று மெய்யுரு, மற்றது அதன்மேல் மங்கலாய் மிதக்கும் நிழலுரு. வில்லையின் வளையத்தைத் திருப்பத் திருப்ப அவ்விரண்டும் நெருங்கிவந்து ஒன்றாகும். அவ்வாறு ஒன்றாகும்போதுதான் படம் தெளிவாய்ப் பதியும். ஸ்வீடன் நாட்டு ஹாசல்பிளாட் நிறுவனமும் ஜப்பானின் ஃபியூஜி நிறுவனமும் இணைந்து 1998இல் வெளிக்கொணர்ந்த எக்ஸ்பான் என்னும் கருவி இவ்வகையைச் சேர்ந்தது. வழக்கமான 35 மி.மீ. படச்சுருளிலேயே 24 மி.மீ. உயரமும் 65 மி.மீ. அகலமும் கொண்ட நீள்படத்தை அது பதிக்கும். முப்பத்தாறு படங்களுக்குரிய சுருளில் இத்தகைய படங்கள் இருபத்தொன்று மட்டுமே கிடைக்கும். 2006இல் அதன் உற்பத்தி நின்றுபோயிற்று.

அன்பர் ஒருவரிடம் இரவல் பெற்று, ஒரே ஒரு சுருளை அதில் நாம் எடுத்துப் பார்த்ததுண்டு. குருவானவர் வேறெதை எடுப்பார்? ஆலய முகப்பின் எதிரே போய் நின்றோம். கோபுரம் சட்டத்தில் அடங்க மறுத்தது. கருவியை மேல்நோக்கிச் சாய்த்தால் சுவர்கள் சரிந்தன. உயரங்களைத் தேடுவோர்க்கு இக்கருவி உரியதன்று. நிலத்தையும் தெருவையும் அதில் நிற்கும் மாந்தரையும் நோக்குவோர்க்கே உரியது என்பது அப்போது விளங்கிற்று.

அகலப் பார்வையின் மீதான இவ்வேட்கை ஒளிப்படக் கலையினும் மூத்தது. அயர்லாந்தில் பிறந்த இராபர்ட் பார்க்கர் என்னும் ஓவியர் 1787இல் வட்டச் சுவர் முழுவதும் சுற்றிவரும் ஓவியத்திற்குக் காப்புரிமை பெற்றார். 'அனைத்தையும் காணல்' எனப் பொருள்படும் கிரேக்கச் சொற்களால் அமைந்த 'பனோரமா' என்ற பெயர் அவ்வோவியங்களுக்கே முதலில் வழங்கியது. பின்னர் ஒளிப்படக்காரர்கள் அதைத் தமதாக்கிக்கொண்டனர். 1899இல் கோடாக் நிறுவனம் 'பனோராம்' என்ற பெட்டியை விற்பனைக்குக் கொணர்ந்தது. அதற்குத் தொலைவுமானி இல்லை. வில்லையே ஒரு விற்சுருளின் விசையால் இடமிருந்து வலமாகவோ வலமிருந்து இடமாகவோ சுழன்று, வளைவாகப் பொருத்தப்பட்ட படச்சுருளின்மேல் காட்சியைத் துடைப்பதுபோல் பதித்துச் செல்லும். 1904இல் தோன்றிய 'சர்குட்' என்ற கருவியோ முழுவதுமாகவே சுழலும். பள்ளிக் குழுப்படம் எடுக்கையில் குறும்புக்காரச் சிறுவன் ஒருவன் ஒரு கோடியில் நின்றுவிட்டு, கருவி திரும்புமுன் பின்புறமாக ஓடி மறு கோடியிலும் நின்று ஒரே படத்தில் இருமுறை விழுவதுண்டாம்.

அப்பழைய பனோராம் பெட்டி ஒன்றுதான் பிராகு நகரத்தின் யோசெப் சுதெக்கின் கைக்கு வந்தது. கைகளுக்கு என்று எழுத இயலாது. அவருக்கு இருந்தது ஒரு கையே. 1896இல் பொஹீமியாவின் கொலீன் நகரில் பிறந்து நூல் கட்டும் தொழில் பயின்றவர் அவர். முதல் உலகப் போரில் இத்தாலியப் போர்முனைக்கு அனுப்பப்பட்டார். அங்குக் காயமுற்று, வலக்கரம் தோளிலிருந்தே அகற்றப்பட்டது. கட்டுநர் தொழில் முடிந்தது. உடலூனமுற்றோர்க்கான ஓய்வூதியத்தின் துணையோடு அவர் ஒளிப்படம் பயின்றார். பெரும் மரக் கருவியையும் முக்காலியையும் தோளில் சுமந்தார். இரு கை வேண்டிய வேலைகளில் பற்களைத் துணைக்கொண்டார் என்பர்.

1926இல் இசைக்குழுவினரான நண்பர்களுடன் மீண்டும் இத்தாலிக்குச் சென்றார். ஒரு கச்சேரியின் நடுவே எழுந்து இருளில் வெளியேறினார். நடந்து நடந்து விடியற்பொழுதில் தாம் காயமுற்ற வயல்வெளியைக் கண்டறிந்தார். தம்மைக் கிடத்தியிருந்த பண்ணைவீடும் அங்கே இருந்தது. கை மட்டும் இல்லை. இரு மாதங்கள் கழித்தே திரும்பினார். அதன்பின் அவர் வெளிநாடு எதற்கும் சென்றதில்லை. இதை அவரே பிற்காலத்தில் கூறியிருக்கிறார். இழந்ததைத் தேடிச் சென்றவர் வெறுங்கையராய் மீண்ட இக்கதையை நாம் பலமுறை எண்ணியதுண்டு. தேடியது கையைத்தானா என்று நமக்கு இன்றும் ஐயமே.

திரும்பியவர் புனித வீட்டஸ் பேராலயத்தில் நுழைந்தார். 1344இல் தொடங்கப்பெற்று ஆறு நூற்றாண்டுகளை நெருங்கியும் முடியாதிருந்த அவ்வாலயத்தின் இறுதிப் பணிகள் அப்போது நடந்துகொண்டிருந்தன. அங்கு முன்னரே படமெடுக்கத் தொடங்கியிருந்த சுதெக், பலிபீடத்தை எடுத்ததைவிட, கற்குவியலையும் மண்வெட்டியையும் தள்ளுவண்டியையும் மேலிருந்து விழும் ஒளிக்கற்றையையும் விருப்போடு எடுத்தார். 1928இல் அப்படங்கள் தொகுப்பாய் வெளிவந்தன. மறு ஆண்டு ஆலயம் நிறைவுற்றது.

நடுவயதைக் கடந்தபின் வந்த பனோராமுடன் அவர் பிராகு நகரின் பாலங்களையும் தோட்டங்களையும் புறநகர்ப் பாழிடங்களையும் சுற்றிவந்தார். 1959இல் வெளிவந்த 'பனோரமப் பிராகு' என்ற நூலில் 284 படங்கள் உள்ளன. முகப்பில் கவிதை எழுதியவர், பின்னாளில் நொபெல் பரிசு பெற்ற யாரொஸ்லாவ் சைஃபர்ட். அப்படங்களில் ஆலயக் கோபுரங்கள் பல எழுந்து நிற்கின்றன. ஆனால் அந்நாளில் பிராகு பேராயர் யோசெப் பெரான் தம் நகரில் இல்லை. 1949 முதல் 1963 வரை அரசு அவரைக் காவலில் வைத்திருந்தது. 1950 ஏப்ரலில் துறவற மடங்கள் ஒரே இரவில் சூழப்பட்டுத் துறவியர் கொண்டுசெல்லப்பட்டனர். கோபுரங்களைக் கண்டு ஊர் நலமாயிருக்கிறது என்று எண்ணிவிடக் கூடாது.

1957 முதல் 1962 வரை சுதெக் அப்பெட்டியைச் சுமந்து நாட்டின் வடக்கே, மொஸ்த் என்னும் நிலக்கரி வட்டாரத்திற்குச் சென்றார். (செக் மொழியில் 'மொஸ்த்' என்றால் பாலம்.) வயல்களும் சிற்றூர்களும் தோண்டி எறியப்பட்டு, பட்ட மரங்களும் சேற்றுக் குழிகளும் புகைபோக்கிகளும் எஞ்சிய நிலத்தை நீள்படங்களாக எடுத்தார். 'துயர நிலக்காட்சி' எனப் பெயர்பெற்ற அத்தொடர், அவர் 1976இல் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின்னரே நூலாயிற்று. சிறு சட்டத்தில் ஒரு பட்ட மரத்தை எடுத்தால் அது அழகாகிவிடும், கவிஞர்கள் உருகுவர். அகன்ற சட்டத்தில் அந்த மரத்தின் இரு பக்கமும் என்ன நேர்ந்தது என்பதும் வந்து விழும். இக்கருவியின் நேர்மை இதுவே என்போம்.

மொஸ்த் நகருக்கு இதைவிடப் பெரிதொன்று காத்திருந்தது. பழைய நகரின் அடியிலும் நிலக்கரி இருந்தது. 1964இல் நகரையே அகற்ற முடிவாயிற்று. தெருத்தெருவாக வீடுகள் இடிக்கப்பட்டன. மக்கள் புதிய காங்கிரீட் அடுக்ககங்களில் குடியேற்றப்பட்டனர். 1517இல் அடிக்கல் நாட்டப்பெற்ற மரியாளின் விண்ணேற்பு ஆலயத்தை மட்டும் காப்பது எனத் தீர்மானித்தனர். சுவர்களை எஃகுச் சட்டங்களால் இறுக்கி, 53 வண்டிகளின்மேல் ஏற்றி, தண்டவாளத்தில் நகர்த்தினர். 1975 செப்டம்பர் 30 முதல் அக்டோபர் 27 வரை அது 841 மீட்டர் பயணம் செய்தது. நிமிடத்திற்கு ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர். பொறியியல் அருஞ்செயல் என உலகம் போற்றியது, நாமும் மறுக்கவில்லை. ஆயினும் பங்குப் பணியில் காலம் கழித்தவர்க்கு ஒரு கேள்வி எழாமலிராது. ஞாயிறுதோறும் அதன் மணியோசைக்கு எழுந்த குடும்பங்கள் ஒரு பக்கம், ஆலயம் மறுபக்கம் என்று ஆனபின் காக்கப்பட்டது எது? அவ்வரசு காத்தது கலைச்சின்னத்தை, பங்கையன்று. 1993இல்தான் அது மீண்டும் அர்ச்சிக்கப்பட்டது.

1968இல் பிராகு தெருக்களில் நுழைந்த சோவியத் பீரங்கி வண்டிகளைப் படமெடுத்துப் பின்னர் நாட்டைவிட்டு நீங்கிய யோசெப் கூதெல்கா, 1990இல் திரும்பியதும் அதே வட்டாரத்திற்குச் சென்றார். அவர் ஏந்தியதும் அகன்ற சட்டக் கருவியே; 6×17 செ.மீ. அளவில் ஒரு சுருளுக்கு நான்கே படங்கள். கந்தகப் புகையால் மலைச்சரிவுகளில் காடுகள் எலும்புக்கூடாய் நின்ற அப்படங்கள் 1994இல் 'கறுப்பு முக்கோணம்' என்ற நூலாயின. திருத்தந்தை இரண்டாம் அருள் சின்னப்பர் படைப்பு அனைத்துடனும் சமாதானம் குறித்து விடுத்த உலக அமைதி நாள் செய்தி அந்த 1990ஆம் ஆண்டுக்குரியது; அவர் செக்கோஸ்லோவாக்கியாவுக்கு வந்ததும் அவ்வாண்டிலேயே. பின்னாளில் கூதெல்கா இதே அகன்ற பார்வையைத் திருநாட்டின் பிரிவுச் சுவரின் மீது திருப்பினார்; அந்நூல் 2013இல் வெளிவந்தது.

மொஸ்த் சுரங்கத்தில் இன்று கரி வெட்டுவோர் இல்லை. 2008 முதல் சில ஆண்டுகள் அப்பள்ளத்தில் நீர் நிரப்பி ஏரியாக்கினர். 2020இல் பொதுமக்களுக்குத் திறந்துவிட்டனர். விண்ணேற்பு அன்னையின் ஆலயம் அதன் கரையருகே நிற்கிறது. கோடையில் நீந்த வருவோர் மிதப்பது பழைய நகரம் இருந்த இடத்தின்மேல்.